இரண்டாவது ஷிப்டுக்காக விட்ட இடம்

நீங்கள் பொய் சொன்னீர்கள். அலோர் ஸ்டாரில் அந்த இசைச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கும் உங்களைத்தான் சொல்கிறேன். அக்காவுக்குப் பாராட்டு விழா எடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த விழாவில் பாடுவதாக இருந்த அவருடைய புதுப் பாட்டை எடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்ட பத்திரிகைக்காரரிடம், "அவரே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பழைய படைப்புகளால் மட்டும் அறியப்பட விரும்புகிறார்" என்று சொன்னீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் உங்களிடம் பேசியபோது நான் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. இதே கெடா மாநிலத்தில், கூலிமில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். முறையாகச் சங்கீதம் படித்ததும் இல்லை. ஆனால் நீங்கள் இன்று கட்டுரை கட்டுரையாகப் புகழ்கிற அக்காவின் பாட்டுகளை முதன்முதலில் பாடிய வாய்களில் என் வாயும் ஒன்று. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகிறேன். அழகாக வராது. உண்மையாக வரும்.

அக்கா இசையமைப்பாளர். அப்படிச் சொன்னால் நம் ஊரில் உடனே "எந்தப் படம்?" என்று கேட்பார்கள். படம் எதுவும் இல்லை. கர்நாடக இசையில் யாரும் செய்யாத விதத்தில் உருப்படிகள் செய்தவர். பாட்டும் வயலினும் சின்ன வயதிலேயே ஒழுங்காகக் கற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அக்கா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அலோர் ஸ்டாரிலிருந்து மாற்றலாகிக் கூலிமுக்கு வந்தார்.

கிராணி என்ற சொல்லே எங்களுக்குக் கசக்கும். என் அப்பா ரப்பர் பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், ஆள் எண்ணுகிற இடத்தில் வரிசையாக நின்று, கிராணி பெயரைக் கூப்பிட்டால் கைகட்டிப் பதில் சொன்னவர். அதனால் நாங்கள் குடியிருந்த தாமானில் இருந்த கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெண்களுக்குப் பாட்டு என்று அக்கா வந்து உட்கார்ந்தபோது எங்களுக்கு ஒன்றும் பாசம் பொங்கவில்லை. என்னோடு ஒரே லைனில் வேலை செய்த என் தோழி என் காதைக் கடித்தாள்.

"கிராணி வீட்டு அம்மாவாம்டி. நம்மள பாட வைக்கப் போறாங்களாம்."

"பாட்டுக்கு முன்ன பெரட்டு உண்டான்னு கேளு."

"கேக்கறேன் பாரு," என்று அவள் நிஜமாகவே கையைத் தூக்கிவிட்டாள். "அம்மா, இங்க பேரு பதிவாங்களா?"

அக்கா சிரித்தார். "பேர் வேண்டாம் பிள்ளை. வந்தால் பாடுங்கோ. வராட்டி வேலையில நிக்கிறியள் எண்டு நினைக்கிறன். அம்மா எண்டு கூப்பிடாதேயுங்கோ, அக்கா போதும்."

அன்றிலிருந்து அக்கா.

வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அங்கே பெரிய பிரச்சினை. நாங்கள் எல்லாரும் ஷிப்ட் ஆட்கள். ஒருத்திக்குக் காலை ஷிப்ட் என்றால் இன்னொருத்திக்கு இரண்டாவது ஷிப்ட், வேறொருத்திக்கு இரவு. அது மாறிக்கொண்டே இருக்கும். கம்பெனி பஸ் தாமான் முனையில் வந்து ஹாரன் அடித்தால் பாதிப் பாட்டில் எழுந்து ஓடுவோம். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு நினைவில்லை. இதற்கு முன் எங்களுக்குத் தேவாரம் சொல்லித்தர வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பக்தியும் இல்ல, ஒழுங்கும் இல்ல" என்று திட்டிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவேயில்லை.

அக்கா திட்டவில்லை. எங்களுக்குத் தகுந்த மாதிரி பாட்டைச் செய்தார். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி. அது அவளுடையது. அவள் வராத நாளில் அந்த வரியை வேறு யாரும் பாடக்கூடாது. கையில் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு, அந்த வரி ஓடும் நேரம் முழுக்க வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்தவள் தன் வரியை எடுக்க வேண்டும்.

எங்களால் முடியவில்லை. சும்மா இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. என் தோழி தாங்க முடியாமல், "அக்கா, அவ வரிய நானே பாடிடறேன்லா. எனக்கு மனப்பாடம்" என்றாள்.

"வேண்டாம். அது அவவின்ர இடம்."

"அவதான் வரலையே."

"வராட்டி? அவ இப்ப அங்க நிண்டு வேலை செய்யிறா. இல்லாமப் போகேல்லைத்தானே. இடத்தை விடும்."

அதனால் ஒரே பாட்டு ஒவ்வொரு ஞாயிறும் வேறு மாதிரி கேட்கும். ஒரு நாள் நடுவில் பெரிய ஓட்டை. ஒரு நாள் தொடக்கத்திலேயே ஓட்டை, தாளம் மட்டும் தொடையில் பட்டுப் பட்டு ஓடும். ஓட்டைக்குள் மண்டபத்து மின்விசிறி கேட்கும், வெளியே மோட்டார் சைக்கிள் போவது கேட்கும், யாருடைய பிள்ளையோ அழுவது கேட்கும். நான் வேலையில் இருந்த நாட்களில், மெஷின் முன்னால் நின்றுகொண்டு, இந்நேரம் என் வரிக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைப்பேன். சம்பளத்துக்கு ஆள் தேவை என்று என்னை எண்ணியவர்கள் உண்டு. நான் இல்லாத இடத்தை அப்படியே வைத்துக் காத்தவர் அக்கா ஒருவர்தான்.

இன்னொரு பாட்டு இதைவிடப் பிடிவாதமானது. எங்கள் தொழிற்சாலையில் தூசி வரக்கூடாது என்று காற்றைச் சுத்தம் செய்யும் ஊதிகள் ஓயாமல் ஓடும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புக்குள் இருந்தாலும் அந்த இரைச்சல் காதுக்குள் வந்துவிடும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் போகாது. "அது என்ன சுருதியில இரையுது? பாடிக் காட்டும்" என்று அக்கா கேட்டார். நான் முனகிக் காட்டினேன். வேறு பகுதியில் வேலை செய்தவள் முனகியபோது அது என்னுடையதைவிட ஒரு மயிரிழை மேலே இருந்தது. உடனே எங்களுக்குள் சண்டை. "ஒனக்கு காது சாவிட், பழுதாயிருச்சு" என்றேன். "ஒனக்குத்தான் மெஷினே சாவிட்" என்றாள். அக்கா சண்டையைத் தீர்க்கவில்லை. இரண்டு சுருதிப் பெட்டிகளைக் கொண்டுவந்து, ஒன்றை என் சுருதியிலும் மற்றதை அவள் சுருதியிலும் வைத்து இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். இரண்டும் மோதி வவ்வவ்வவ் என்று அலை அடித்தது. அந்த அலையின் மேல் ஒரு பாட்டுச் செய்தார். சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அபஸ்வரம் என்றார்கள். அபஸ்வரம்தான். அதில்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம்.

உங்கள் சங்கம் முதன்முதலில் எங்களை மேடையேற்றியதை நீங்கள் இப்போது அடிக்கடி எழுதுகிறீர்கள். அப்போது நீங்கள் செயலாளர். நானும் எழுதுகிறேன், நடந்தபடி.

அலோர் ஸ்டாரில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒய்.பி. ஒருவர், சட்டமன்ற உறுப்பினர், சிறப்பு விருந்தினர். அவருக்கு வேறொரு நிகழ்ச்சி இருந்ததால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று எங்களில் பாதிப் பேருக்கு இரண்டாவது ஷிப்ட். விடுப்புக் கேட்டும் சூப்பர்வைசர் கொடுக்கவில்லை. அதனால் நடுவில் இருந்த ஓட்டை நாங்கள் பயிற்சியில் பார்த்ததிலேயே பெரியது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். அறிவிப்பாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, "அருமையான பாடல்! பலத்த கரவொலி!" என்று கத்திவிட்டார். கூட்டம் கை தட்டியது. ஒய்.பி. சட்டென்று எழுந்தார். நீங்கள் பொன்னாடையோடும் மாலையோடும் மேடைக்கு ஓடிவந்தீர்கள்.

அக்கா நிறுத்தவில்லை. கண்ணை எங்கள்மேல் வைத்துக்கொண்டு தாளம் போட்டபடியே இருந்தார். நீங்கள் பிடித்துக்கொடுத்த பொன்னாடையை ஒய்.பி. அவர் தோளில் போட்டார். அது வழுக்கிக் கைமேல் விழுந்தது. பொன்னாடைக்கு அடியில் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படம் எடுக்க எல்லாரும் சிரித்து நின்ற நேரத்தில் சரியாக என் வரி வந்தது. நான் என்ன செய்வது? பாடினேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. கூட்டம் இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தது.

திரும்பி வரும்போது வேனில் என் தோழி சிரித்துச் சிரித்து இருமினாள். "அவங்க பாட்ட முடிச்சிட்டாங்கடி, நாமதான் முடிக்கல. மால விழுந்ததுக்கு அப்பறமும் பாடுனவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

அந்தத் தவறை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு மேடை என்றால் பொன்னாடை, சத்தம் நின்றால் பாட்டு முடிந்தது. அப்படித்தான் பழகியிருக்கிறோம். என் வீட்டுக்காரரே கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டியவர்தான். ஆனால் போன மாதம் வந்த உங்கள் கட்டுரையில், அன்று அந்த மௌனத்தில் "சூன்யத்தின் தரிசனம்" கிடைத்து மெய்சிலிர்த்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மாலையோடு நின்றீர்கள். அதை எழுதியிருந்தாலும் யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்களைச் சிரித்துத் தீர்த்தார்கள். "பாட்ட மறந்துட்டு நின்ன கோஷ்டி" என்றுதான் பேர். பாசாரில் மீன்காரர்கூட, "என்ன ஆண்ட்டி, இன்னிக்காவது வாய தொறப்பீங்களா?" என்பார். கோயில் நிர்வாகம், ஞாயிற்றுக்கிழமை மண்டபம் வேறு வேலைக்கு வேண்டும் என்றது. என் வீட்டுப் போர்ச்சில் காரை வெளியே நிறுத்திவிட்டுப் பாய் விரித்தோம். அக்கா எப்போதும்போல ஒரு டப்பா பலகாரத்தோடு வந்தார். பசியாறினோம், பாடினோம். அவர் மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட இருந்தது. இவ்வளவு அவமானத்துக்கு ஒரு திட்டாவது திட்டக்கூடாதா? அவர் வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டு, "இண்டைக்கு ஆர் வரேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு காற்று திரும்பியது. கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சி செய்யும் ஒருவர் வந்து எங்களைப் போர்ச்சிலேயே பதிவு செய்துகொண்டு போனார். அது எங்கெங்கோ போயிற்று. வெளிநாட்டு விழாவில் ஒலிபரப்பினார்கள் என்றார்கள். திடீரென்று அக்கா புதுமைக்காரர், முன்னோடி, கெடாவின் பெருமை. சிரித்தவர்களே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மௌனம் என்றார்கள், தத்துவம் என்றார்கள். அப்படி ஒரு கட்டுரையை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடிக்கும்வரை கேட்டார்.

"சூனியமாம்," என்றேன்.

"சூனியமில்லையடி பிள்ளை. அது ரெண்டாவது ஷிப்ட்."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதைப் போய் அந்த எழுத்தாளரிடம் சொல்லுங்கள் என்றேன். "அவருக்கு அதில ஏதோ கிடைச்சிருக்கு. அதை ஏன் நான் பறிப்பான்?" என்றார். அவர் குணம் அது. என் குணம் இல்லை.

புகழ் வந்த பிறகு எல்லாரும் அவரிடம் இன்னும் மௌனம் கேட்டார்கள். இன்னும் நீளமாக, இன்னும் துணிச்சலாக. அக்கா கொடுக்கவில்லை. சில வருடங்கள் ஒன்றுமே செய்யவில்லை. தீர்ந்துவிட்டார் என்று பேசினார்கள். அந்த வருடங்களில்தான் எங்கள் கூட்டமும் மாறிக்கொண்டிருந்தது. சிலருக்கு வேலை போயிற்று, சிலர் ஓய்வு பெற்றோம். எங்கள் இடத்துக்கு வேறு தேசத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அக்காவும் ஓய்வு பெற்று யான் என்ற ஊரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஜெராய் மலைக்குக் கீழே, வயலை ஒட்டிய வீடு.

நாங்கள் வேன் பிடித்துப் போக ஆரம்பித்தோம். யாருக்கும் ஷிப்ட் இல்லை. போவதற்கு ஒரு இடம் வேண்டும் என்று எல்லாரும் வந்துவிடுவோம். வேன் கிளம்பும்போது முன்சீட்டிலிருந்து என் தோழி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கத்துவாள். "ஏறியாச்சு" என்று பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாகக் கத்துவோம். இதை யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிறு போனபோது புதுப் பாட்டு தயாராக இருந்தது. சாகித்யம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்தான். எளிமையான ராகம், குழந்தைகூட ஒரு முறை கேட்டால் பிடித்துக்கொள்ளும் மெட்டு. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓர் ஓட்டை இல்லை.

எனக்குப் பிடிக்கவில்லை. நான் மறைக்கவும் இல்லை.

"என்னக்கா இது, பஜன மாதிரி இருக்கு?"

"பஜனை உமக்குப் பிடிக்காதோ?"

"பிடிக்கும்லா. நீங்க பண்ணுன மாதிரி இல்லையே. நாங்க வாய மூடிக் காத்திருந்து பழகிட்டோம். இப்ப பார்த்து எல்லாத்தையும் அடச்சிட்டீங்க."

"இப்ப எல்லாரும் வாறியள். பிறகு என்னத்துக்கு ஓட்டை?"

பாடிப் பார்த்தபோதுதான் மீதி புரிந்தது. எங்களுக்கு வயதாகிவிட்டது. மூச்சு நிற்பதில்லை. டயாலிசிஸ் போகிற ஒருத்திக்கு நாலு எழுத்துக்குமேல் இழுக்க முடியாது. என் தோழிக்கு இருமல். அக்கா ஒவ்வொருத்தியின் மூச்சும் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்து, அது முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுத்தவள் அதே ஸ்வரத்தில் சேர்ந்துகொள்கிற மாதிரி கட்டியிருந்தார். ஒருத்தி விடும்போது இன்னொருத்தி பிடித்திருப்பாள். யார் விட்டாள், யார் பிடித்தாள் என்று வெளியே தெரியாது. கேட்பவருக்கு ஒரே ஒரு குரல், மூச்சே விடாமல், எங்கள் யாராலும் தனியாகப் பாட முடியாத நீளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். டயாலிசிஸ் போகிறவள் முதல் தடவை முடித்துவிட்டு, "நானா இவ்ளோ நேரம் பாடுனேன்?" என்று கேட்டாள். "நீ பாடல, நாங்க ஒன்ன தூக்கிட்டுப் போனோம்" என்றாள் என் தோழி. "நீ மட்டும்? ஒன்ன நாலு பேரு தூக்கணும்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

பழைய பாட்டைவிட இது கடினம். பழையதில் தவறு செய்தால் மௌனத்தில் ஒளிந்துகொள்ளலாம். இதில் ஒளிய இடமில்லை. ஒருத்தி கவனம் சிதறினால் அடுத்தவள் மூச்சுத் திணறிவிடுவாள்.

இதைப் பதிவு செய்து யாரோ இணையத்தில் போட்டார்கள். பழைய ரசிகர்களுக்கு ஏமாற்றம். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு", "சரணடைந்துவிட்டார்", "பஜனைக்கு இறங்கிவிட்டார்" என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் இளைஞர்கள். பழைய பதிவைக் கேட்டு உண்மையாகவே உருகியவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓட்டை எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவின் பாணி மாறிவிட்டது என்கிறார்கள். மாறியது நாங்கள். அவர் அன்றும் இன்றும் ஒன்றுதான் செய்தார். முன்னால் வந்து உட்காருகிற ஆட்களுக்கு என்ன முடியுமோ, என்ன முடியாதோ, அதிலிருந்து பாட்டை எடுத்தார். இப்படி ஒரு காது உள்ள இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரை நான் பெரியவர் என்கிறேன், வெளிநாட்டில் ஒலிபரப்பியதால் இல்லை.

இப்போது நீங்கள் யானுக்கு வந்த நாளுக்கு வருகிறேன்.

ஆரஞ்சுப் பழமும் அழைப்பிதழின் மாதிரியும் எடுத்துக்கொண்டு நிர்வாகத்தில் இருவரோடு வந்தீர்கள். முன்பே தொலைபேசியில் எல்லாம் பேசி, பழையது ஒன்று, புதியது ஒன்று என்று ஒப்புக்கொண்டிருந்தீர்கள். அக்கா தம் வாழ்க்கையில் யாரிடமும் இதைப் பாடுங்கள் என்று கேட்டவர் இல்லை. இந்தப் புதுப் பாட்டுக்காக மட்டும்தான் கேட்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அதைப் பாட வேண்டிய எங்கள் மூச்சும் வருடா வருடம் குறைகிறது. அவர் ஏன் கேட்டார் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

நான் டீத் தண்ணி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீங்கள் வயலைப் பற்றிப் பேசினீர்கள், மலையைப் பற்றிப் பேசினீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"அக்கா, ஒரு சின்ன சிக்கல். உரையெல்லாம் சேர்த்துப் பார்த்தா நேரம் பத்தலை. பழைய பாட்டுக்குக் கோலாலம்பூர்லேருந்து நல்லாப் பயிற்சியுள்ள பிள்ளைங்க வர்றாங்க. புதுசையும் சேர்த்தா இழுத்துரும்."

அக்கா கேட்டார், "ரெண்டில ஒண்டுக்குத்தான் நேரமோ?"

"அப்படித்தான் ஆகும்போல இருக்கு."

"அப்ப பழசை விடும். புதுசைப் பாடட்டும்."

நீங்கள் சிரித்தீர்கள். "என்னக்கா, ஜனங்க வர்றதே பழசுக்குத்தான்."

"பழசை அவை எப்பவும் கேக்கலாம், பதிவிருக்கு. புதுசைப் பாடுறவை இப்ப இருக்கினம்."

"பார்ப்போம்க்கா, பார்ப்போம்" என்றீர்கள். டம்ளரைக் கீழே வைத்தீர்கள். போனீர்கள். நடந்தது இவ்வளவுதான். உங்களோடு வந்த இருவருக்கும் காது உண்டு. அவர்களும் இதைக் கேட்டார்கள்.

அடுத்த வாரம் பத்திரிகையில் அக்காவே தம் புதுப் பாட்டை வேண்டாம் என்றதாக வந்தது. பழையதை விடச் சொன்னவர், புதியதைத் தள்ளிவிட்டவராக ஆகிவிட்டார். படித்துவிட்டு என் தோழி நேராக என் வீட்டுக்கு வந்தாள். "நம்ம பாட்டு நல்லா இல்லைன்னு அக்கா சொல்லிட்டாங்களா?" என்றாள். எப்போதும் நக்கல் பேசுகிறவள், அன்று பேசவில்லை. உங்கள் பொய் முதலில் போய் விழுந்த இடம் அது. தங்கள் மூச்சை அளந்து கட்டிய பாட்டையே அக்கா கைவிட்டுவிட்டார் என்று, அதைப் பாடுகிற பெண்கள் ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் அழைத்த அந்தப் பயிற்சியுள்ள பிள்ளைகளின் ஒத்திகையைப் போய்ப் பார்த்தேன். நன்றாகப் பாடுகிறார்கள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் வந்திருக்கிறார்கள். வந்திருந்தும் தங்கள் வரி வரும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், பதிவில் ஓட்டை அங்கே இருக்கிறது என்பதற்காக. ஒரு பெண்ணிடம் கேட்டேன், "நீ வந்திருக்கியேம்மா, ஏன் பாடல?" என்று. "இங்க சைலன்ஸ் ஆண்ட்டி" என்றாள். நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அந்தப் பதிவு நடந்த நாளில் அந்த வரிக்கு உரியவள் உயிரோடு, வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வேலையில் நின்றாள் என்று சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை அந்த இடத்தில் வாயைத் திறந்து அழகாகப் பாடியிருப்பாள். அக்காவுக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் யோசித்தேன். நேரம் என்பது சாக்கு. உங்கள் உரை மட்டும் இரண்டு பாட்டுக்கான நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தோன்றுவது இதுதான். நீங்கள் மௌனத்தைப் பற்றி எழுதி எழுதிப் பேர் வாங்கிவிட்டீர்கள். ஓட்டையே இல்லாத பாட்டை அதே மேடையில் கேட்டுவிட்டால், ஜனங்கள் அக்காவிடம் போய் "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்பார்கள். அக்கா கேட்டால் சொல்லிவிடுவார், சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அப்புறம் உங்கள் சூன்யத்தை எங்கே வைப்பீர்கள்? நான் நினைப்பது தவறாக இருக்கலாம். தவறு என்றால் சொல்லுங்கள்.

அக்காவிடம் பத்திரிகையைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "நான் இப்பிடிச் சொல்லேல்லையே" என்றார். அவ்வளவுதான். பத்திரிகையை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, "விடு பிள்ளை. சண்டை பிடிக்காதே" என்றார்.

நான் விட மாட்டேன். அக்கா தம்மைப் பற்றிச் சிரித்தவர்களை விட்டார், மண்டபத்தைப் பறித்தவர்களை விட்டார், அர்த்தத்தை மாற்றி எழுதியவர்களை விட்டார். அதெல்லாம் மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது. இது அவர் வாயிலேயே வைத்த சொல். இப்படியே விட்டால், நாளைக்கு அவரைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லாரும், கடைசிக் காலத்தில் செய்ததை அவரே தள்ளிவிட்டார் என்றுதான் படிப்பார்கள். அந்தப் பாட்டை யாரும் தொட மாட்டார்கள். எங்களுக்குப் பிறகு அது இருக்காது.

ஆகவே தலைவரே, என் வீட்டுக்கு வராதீர்கள். போன் செய்யாதீர்கள். அக்காவிடம் போய்த் தனியாக மன்னிப்பும் கேட்காதீர்கள், அவர் மன்னித்துவிடுவார். பொய்யைப் பத்திரிகையில் சொன்னீர்கள், பதிலையும் அங்கேயே சொல்லுங்கள். புதுப் பாட்டு வேண்டாம் என்று அக்கா உங்களிடம் எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னால் சொன்னார்? உங்களோடு யானுக்கு வந்த இருவரின் பெயரையும் போட்டு, அவர்கள் கேட்டது என்ன என்று அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். விழா தொடங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள்.